களத்திலிருந்து வங்கிக் கணக்கு வரை: கொள்முதல் நிலையத்தில் நெல் விற்க ஒரு முழு வழிகாட்டி

டெல்டாவில் நெல் போடுகிறவரிடம் "மூட்டை என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும். "கிலோ என்ன விலைக்குப் போச்சு?" என்று கேட்டால் விரலை மடக்க ஆரம்பிப்பார். வியாபாரியிடம் மூட்டை என்றால் 60 கிலோ, சில இடங்களில் 62 கிலோ. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ. அங்கே அதற்குச் 'சிப்பம்' என்று பெயர். மூட்டைக் கணக்கிலேயே பேசிப் பழகியவர்களுக்கு, எங்கே எவ்வளவு போனது என்பது கடைசி வரை தெரியாமலே போகிறது.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் ஐந்து ஏக்கருக்குள் சாகுபடி செய்கிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்களைப் பற்றியும் வரும். அவர்களை எதிராளியாக வைத்துக்கொண்டு நியாய விலையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

1. முதலில் விலை

2025-26 பருவத்துக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2369 ரூபாய், சன்ன ரகம் 2389 ரூபாய். இதற்கு மேல் தமிழக அரசின் ஊக்கத்தொகை முறையே 131 ரூபாயும் 156 ரூபாயும். ஆக, கைக்கு வர வேண்டியது 2500 ரூபாயும் 2545 ரூபாயும்.

இதைச் சிப்பத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாதாரண ரகம் சிப்பத்துக்குச் சரியாக 1000 ரூபாய். சன்னம் 1018 ரூபாய். இந்த இரண்டு எண்களையும் மனதில் ஏற்றிக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் அங்கேயே நின்று கணக்குப் போடலாம். விலை ஆண்டுதோறும் மாறும். புதிய விலை வந்ததும் நாலால் பெருக்கிப் பத்தால் வகுத்துவிடுங்கள்.

உங்கள் நெல் எந்த ரகத்தில் சேரும் என்பதும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அரிசியின் நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.5ஓ அதற்கு மேலோ வந்தால் அது சன்னம். ஆடுதுறை 37, சி.ஆர். 1009 போன்ற குண்டு ரகங்கள் சாதாரணத்தில் வரும். பி.பி.டி. 5204 சன்னம். சன்னத்தைக் கொண்டுபோய்ச் சாதாரணத்தில் எழுதவிட்டால் சிப்பத்துக்கு 18 ரூபாய் போகும்.

2. அறுவடைக்கு முன்பே காகிதங்கள்

சிட்டா (நிலம் யார் பெயரில் என்று காட்டும் பதிவு), நடப்புப் பருவத்தின் அடங்கல் (அதில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு என்று காட்டும் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம். இவ்வளவுதான். ஆனால் அறுவடை இயந்திரம் வயலில் இறங்கிய பிறகு அடங்கலுக்காகக் கிராம நிர்வாக அலுவலரைத் தேடி அலைகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் இருக்கிறார்கள். கதிர் பால் பிடிக்கும்போதே வாங்கி வைத்துவிடுங்கள். அடங்கலில் பயிர், பரப்பு, சர்வே எண் மூன்றையும் அங்கேயே படித்துப் பாருங்கள். பரப்பு குறைவாக எழுதியிருந்தால், அந்தப் பரப்புக்குரிய நெல்லை மட்டுமே உங்கள் பெயரில் போட முடியும்.

குத்தகைக்காரர்களுக்கு இதுதான் பெரிய தடை. சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். விதை, உரம், ஆள் கூலி எல்லாம் உங்கள் செலவாக இருக்கும். சாகுபடி செய்வது நீங்கள்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலோ சான்றோ பெறுவதுதான் வழி. கோயில் நிலம், மடத்து நிலம் என்றால் குத்தகை ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். நீண்ட காலமாக ஒரே நிலத்தில் உழுகிறவர்கள் 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்படி தங்கள் பெயரைப் பதிவு செய்யக் கேட்கலாம். நிலத்துக்காரரோடு மனஸ்தாபம் வருமே என்று பலரும் தயங்குவார்கள். தயக்கம் புரிகிறது. ஆனால் காகிதம் இல்லாததால் நெல்லை நிலத்துக்காரர் பெயரில் போட்டு, பணம் அவர் கணக்கில் விழுந்து, அப்புறம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்பதும் மனஸ்தாபத்தில்தான் முடிகிறது.

3. பதிவும் தேதியும்

கொள்முதல் நிலையங்களை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். பக்கத்து இ-சேவை மையத்தில் செய்துகொள்ளலாம், நிலையத்திலும் கேட்கலாம். உங்கள் கைபேசி எண்ணையே கொடுங்கள். மையத்துப் பையன் அவசரத்தில் தன் எண்ணைப் போட்டுவிட்டால், நெல் கொண்டுபோக வேண்டிய தேதியும் டோக்கன் எண்ணும் வரும் குறுஞ்செய்தியெல்லாம் அவனுக்குத்தான் போகும். வங்கிக் கணக்கு எண்ணை ஒவ்வொரு இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறதோ அவரே நிலையத்துக்குப் போவது நல்லது, கைரேகை கேட்பார்கள்.

4. அறுப்பும் காய்ச்சலும்

பணம் அதிகம் போகிற இடம் இதுதான், அதுவும் யாரும் ஏமாற்றாமலே.

நிலையத்தில் ஏற்கும் ஈரப்பதத்தின் உச்சவரம்பு 17 சதவீதம். இயந்திரத்தில் அறுத்த நெல் சாதாரணமாக 20க்கு மேல்தான் இருக்கும். சில வருஷங்களுக்கு முன்னால் தை மாதத்தில், அறுவடை வண்டி கிடைத்துவிட்டதே என்று காலை ஏழு மணிக்கே எங்கள் வயலில் அறுப்பை ஆரம்பித்துவிட்டோம். கதிரெல்லாம் பனி. களத்தில் அளந்தபோது 23 காட்டியது. அன்று பதினோரு மணிக்கு மேல் அறுத்த பக்கத்து வயல் நெல்லில் 20. ஒரே ரகம், ஒரே வாய்க்கால். எங்களுக்கு மூன்று நாள் கூடுதலாகக் காய வேண்டியிருந்தது. வண்டிக்கு அவசரம் இருக்கும்தான். ஆனால் பனி இறங்கும் மாதங்களில் வெயில் ஏறிய பிறகு அறுக்கும்படி பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

காயவைக்கும்போது குவியலாகக் கொட்டாமல் இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பரப்புங்கள். அரை மணி, முக்கால் மணிக்கு ஒருமுறை காலால் கிளறிவிடுங்கள். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன்பே கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட வேண்டும். பகலெல்லாம் காய்ந்ததை இரவுப் பனி மறுபடி ஏற்றிவிடும். தார்ச் சாலையில் காயப்போடுவது எல்லாருக்கும் பழக்கம். அதில் விபத்து ஆபத்து ஒரு பக்கம், கல் சேருவது இன்னொரு பக்கம். களம் கட்டிக் கொடுக்காத ஊர்களில் வேறு என்ன செய்ய முடியும் என்பது நியாயமான கேள்வி. அந்தக் கேள்வியைக் குறைதீர் கூட்டத்தில் எழுத்தில் கொடுங்கள்.

இன்னொரு பக்கமும் உண்டு. அதிகமாகக் காயவைத்தாலும் நஷ்டம். 17 சதவீதத்தில் 2400 கிலோ இருக்கும் நெல்லை 14 சதவீதம் வரை காயவிட்டால் 2316 கிலோவாகிவிடும். 84 கிலோ, அதாவது இரண்டு சிப்பத்துக்கு மேல், 2000 ரூபாய்க்கும் மேல் காற்றில் போய்விடும். 14க்கு யாரும் கூடுதல் விலை தரப்போவதில்லை. வீட்டுக்குச் சேர்த்து வைக்கும் நெல்லை நன்றாகக் காயவைக்கலாம். விற்கும் நெல்லுக்கு 16, 16.5 போதும்.

பல்லில் கடித்து 'டக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது என்பது நம் ஊர்க் கணக்கு. தப்பில்லை, ஆனால் பல் 17க்கும் 18க்கும் வித்தியாசம் சொல்லாது. ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அளக்கும்போது குவியலின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் ஒவ்வொரு பிடி எடுத்துக் கலந்து அளக்க வேண்டும். மேலே மட்டும் எடுத்தால் ஆசை காட்டும்.

அறுவடை சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் மாநில அரசு மத்திய அரசிடம் தளர்வு கேட்கும். மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்துப் போகும். சில ஆண்டுகளில் 19, 20 சதவீதம் வரை தளர்த்தி ஆணை வந்திருக்கிறது. அது தானாக வருவதில்லை, வரும் என்று நம்பி ஈர நெல்லோடு போய் நிற்கவும் முடியாது. 2025 அக்டோபரில் குறுவை நெல் நிலைய வாசல்களில் மழையில் நனைந்து முளைவிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள்.

5. தரம் பார்க்கும்போது

ஈரம் தவிர மற்ற வரம்புகளும் இருக்கின்றன. கல், மண் 1 சதவீதம். பதர், வைக்கோல் துணுக்கு 1 சதவீதம். சேதமான, நிறம் மாறிய, முளைவிட்ட, வண்டு பிடித்த மணிகள் சேர்த்து 5 சதவீதம். முற்றாத, சுருங்கிய மணிகள் 3 சதவீதம். மட்ட ரகக் கலப்பு 6 சதவீதம். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். "நெல் சரியில்ல" என்று பொதுவாகச் சொன்னால், எதில் சரியில்லை, எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். சண்டை போடும் குரலில் கேட்க வேண்டாம், தாளைப் பார்த்துக் கேளுங்கள். வித்தியாசம் தெரியும்.

ஈரப்பதமானியில் வரும் எண்ணை நீங்களும் பாருங்கள். ஒரே ஒரு மாதிரியை வைத்து அதிகம் என்று சொன்னால் இன்னும் இரண்டு இடத்தில் எடுத்து அளக்கச் சொல்லிக் கேட்கலாம்.

6. தராசு

நெல்லைத் தூற்றும் இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்த பிறகு சாக்கில் பிடித்து எடை போடுவார்கள். சாக்கின் எடை 580 கிராம். ஆகவே தராசில் 40.580 காட்ட வேண்டும். முதல் பத்துச் சிப்பம் வரை பக்கத்திலேயே நின்று பாருங்கள். 41.5 காட்டினால், சிப்பத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு கிலோ உங்கள் நெல் கணக்கில் வராமல் போகிறது. ஏக்கருக்கு 60 சிப்பம் என்று வைத்தால் 60 கிலோ நெல், அதாவது ஒன்றரைச் சிப்பம், 1500 ரூபாய்.

தராசில் அந்த ஆண்டின் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ்நாட்டில் எடையளவு முத்திரை தொழிலாளர் துறையின் பொறுப்பு. இது அரசு நிலையத்துக்கு மட்டுமல்ல, களத்துக்கே வந்து வாங்கும் வியாபாரியின் தராசுக்கும் பொருந்தும். வீட்டில் ஐந்து கிலோ எடைக்கல் இருந்தால் எடுத்துப் போங்கள். அதைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னால் ஒழுங்கான ஆள் யாரும் கோபப்பட மாட்டார்.

அந்த ஒரு கிலோவை ஏன் எடுக்கிறார்கள்? வெறும் பேராசை என்று முடித்துவிட்டால் பாதிக் கதைதான். வாங்கிய நெல், மூட்டை மேல் மூட்டையாக அட்டி போட்டு வெயிலில் கிடக்கும்போது காய்ந்து எடை குறைகிறது. லாரி வந்து கிடங்குக்கு எடுத்துப்போக ஒரு வாரம், பத்து நாள் ஆனால் குறைவு இன்னும் அதிகம். அந்த இழப்பைத் தங்கள் தலையில் கட்டி வசூலிக்கிறார்கள் என்பது நிலையத்தில் கணக்கு எழுதும் பருவகாலப் பட்டியல் எழுத்தர்களின் நெடுநாள் புகார். பருவத்துக்கு மட்டும் வேலை, குறைந்த சம்பளம், அதில் பிடித்தம் வேறு. அவர் அதை உங்களிடம் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்கிறார். நியாயம் என்று சொல்லவில்லை, கிடங்குக்கு நெல்லை நகர்த்தாத தாமதத்தின் விலையைக் கடைசியில் சிறு விவசாயி கொடுக்கிறார் என்று சொல்கிறேன்.

7. "மூட்டைக்கு இவ்வளவு"

நிலையத்தில் சிப்பத்துக்கு 30 ரூபாய், 40 ரூபாய் என்று லஞ்சம் கேட்கும் வழக்கம் ஊரறிந்தது. பத்திரிகைகளில் வந்தது, நீதிமன்றம் வரை போனது. 40 ரூபாய் என்றால் ஏக்கருக்கு 2400 ரூபாய். ஊக்கத்தொகை என்று அரசு தருவது சாதாரண ரகத்துக்குச் சிப்பத்துக்கு 52 ரூபாய் சொச்சம். அதில் முக்கால்வாசி வாசலிலேயே கழிந்துவிடுகிறது.

கேட்கும்போது பெரும்பாலும் சொல்லும் காரணம் "லோடுமேன் கூலி". இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும். தூற்றுவது, பிடிப்பது, எடை போடுவது, தைப்பது, அட்டி அடுக்குவது, லாரியில் ஏற்றுவது எல்லாமே சுமைதூக்கும் தொழிலாளர்கள்தான். அவர்களுக்கு வாணிபக் கழகம் சிப்பக் கணக்கில் கூலி தருகிறது. வெகு நாள் 3 ரூபாய் 25 காசாக இருந்து, அப்புறம் 10 ரூபாயாக ஆனது. ஒரு நிலையத்தில் 12 பேர் என்று வையுங்கள். நாளைக்கு ஆயிரம் சிப்பம் ஓடினால் தலைக்கு 833 ரூபாய். முந்நூறு சிப்பம்தான் ஓடியது என்றால் 250 ரூபாய். சாக்கு இல்லை, இடம் இல்லை, லாரி வரவில்லை என்று கொள்முதலை நிறுத்தினால் சுத்தமாக ஒன்றுமில்லை. வாசலில் உங்கள் நெல் காத்துக்கிடக்கும் அதே நாளில் அவர்களும் கூலி இல்லாமல் காத்துக்கிடக்கிறார்கள்.

அதனால் நான் சொல்வது இது. டீ, வடை வாங்கிக் கொடுப்பது உங்கள் பிரியம். கூலி என்ற பெயரில் பணம் கேட்டால், "கூலி கழகம் தருகிறதே, அது வரவில்லையா?" என்று தொழிலாளர்களிடமே நேரில் கேளுங்கள். வரவில்லை என்றால் அதை உங்கள் புகாரில் ஒரு வரியாகச் சேருங்கள். விவசாயி எழுதிய மனுவில் தொழிலாளியின் கூலி பாக்கியும் இருந்தால் அந்த மனுவின் கனமே வேறு. தொழிலாளர்கள் தங்கள் பக்கம், உடல் உழைப்புத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து வைப்பது நல்லது. விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்பு உதவி, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பதிவின் வழியாகத்தான் வரும்.

சட்டம் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்தின்படி லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் 7 நாளுக்குள் காவல் துறையிடமோ லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ தெரிவித்துவிட்டால் அந்தக் குற்றம் அவர்மேல் வராது. ஆக, "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒரு மாதம் விட்டுவிட்டுப் புகார் கொடுக்கப் போனால் சிக்கல் உங்களுக்கும் வரும். கொடுப்பதற்கு முன்பே தகவல் சொல்வது இன்னும் நல்லது.

தனி ஆளாகப் போய் மறுப்பது கடினம் என்பது எனக்கும் தெரியும். நெல் வெட்ட வெளியில் கிடக்கிறது, வானம் கறுக்கிறது, அந்த நேரத்தில் கொள்கை பேச யாருக்கும் தெம்பு இருக்காது. ஒரே தெருவில் எட்டுப் பேருக்கு அடுத்தடுத்த தேதி வந்தால் சேர்ந்து போங்கள். எட்டுப் பேரும் தர மாட்டோம் என்றால் எட்டுப் பேர் நெல்லையும் ஒதுக்கி வைப்பது அவ்வளவு சுலபமில்லை.

8. ரசீதும் பணமும்

கடைசிச் சிப்பம் தைத்ததும் ரசீது இல்லாமல் கிளம்பாதீர்கள். ரகம், சிப்பம், மொத்தக் கிலோ, தொகை நான்கையும் அங்கேயே பார்த்துவிட்டுக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பணம் நேராக வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் முதலில் கணக்கு எண்ணைப் பாருங்கள். அந்தக் கணக்கில் பயிர்க்கடன் பாக்கி இருந்தால் வங்கி எடுத்துக்கொள்ளக்கூடும். அதை முன்பே மேலாளரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

9. புகார் எப்படி எழுதுவது

வாய்ப் புகாருக்கு ஆயுசு கம்மி. நிலையத்தின் பெயர், தேதி, நேரம், டோக்கன் எண், தராசில் காட்டிய எடை, கேட்ட தொகை. இவற்றை மட்டும் எழுதுங்கள், வசைகளை விட்டுவிடுங்கள். கழகத்தின் மண்டல மேலாளருக்கு ஒரு நகல், மாவட்ட ஆட்சியருக்கு ஒரு நகல். மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் உதவி எண் 1100இலும் பதிவு செய்யலாம். மனு எண் இல்லாமல் போனை வைக்க வேண்டாம்.

பதில் வரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். கேள்விகளைக் கூராகக் கேளுங்கள்: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை எங்கள் நிலையத்தில் எத்தனை சிப்பம் வாங்கினீர்கள், எந்தெந்த நாளில் எத்தனை லாரி வந்தது, சுமைக்கூலி என்றைக்கு எவ்வளவு கொடுத்தீர்கள். இந்த மூன்றுக்கும் பதில் கையில் வந்துவிட்டால் உங்கள் நெல் ஏன் பத்து நாள் வாசலில் கிடந்தது என்பது தாளிலேயே தெரிந்துவிடும்.

10. நிலையம் வேண்டாம் என்றால்

சில நேரம் வியாபாரிக்குப் போடுவதே புத்திசாலித்தனம். நெல் 21 சதவீதத்தில் இருக்கிறது, காயவைக்க இடமில்லை, மழை வருகிறது என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 21இலிருந்து 17க்குக் காய்ந்தால் நூறு கிலோ 95 கிலோவாகும். அந்த இழப்பு, ஆள் கூலி, தார்ப்பாய் வாடகை, காத்திருக்கும் நாட்கள் எல்லாவற்றையும் கழித்த பிறகும் நிலையம் எவ்வளவு கூடுதலாகத் தருகிறது என்று பாருங்கள். வியாபாரியிடம் பேசும்போது மூட்டைக்கு என்று பேசாமல் கிலோவுக்கு என்று பேசுங்கள். விதை, உரத்துக்கு அவரிடமே முன்பணம் வாங்கியிருந்தால் பேரம் பேசும் வாய் பாதி அடைபட்ட மாதிரிதான். அடுத்த பருவத்துக்காவது அந்த முன்பணத்தைக் கூட்டுறவுச் சங்கக் கடனாக மாற்றப் பாருங்கள்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இன்னொரு வழி. விருத்தாசலம் கூடத்துக்கு நெல்லும் மணிலாவும் (நிலக்கடலை) எவ்வளவு வருகிறது என்று ஒரு நாள் போய்ப் பார்த்தாலே தெரியும். அங்கே மறைமுக ஏலம், அதாவது வியாபாரிகள் ஒருவர் விலை மற்றவருக்குத் தெரியாமல் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு சதவீதச் சந்தைக் கட்டணம் வாங்குகிற வியாபாரியின் பொறுப்பு, உங்கள் தொகையில் கழிக்கக் கூடாது. விலை பிடிக்கவில்லை என்றால் விற்காமல் கிடங்கில் வைத்து, அதையே ஈடாகக் காட்டிப் பொருளீட்டுக் கடன் வாங்கலாம். உளுந்து, பயறு, மணிலா போடுகிறவர்களுக்கு இது நெல்லைவிட அதிகமாகப் பயன்படும், அவை மாதக் கணக்கில் தாங்கும்.

எந்த வழியில் விற்றாலும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இவற்றை எழுதி வையுங்கள்: அறுத்த நாள், முதலில் காட்டிய ஈரம், விற்ற நாள், கிலோ, கைக்கு வந்த தொகை, ரசீதில் வராமல் கையிலிருந்து கொடுத்தது எவ்வளவு. அடுத்த பருவத்தில் வண்டிக்காரரிடம் பேசும்போதும் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போதும் அந்த நோட்டு கையில் இருக்கட்டும்.